வரிமீன் கற்பித்த பாடம்

மீன் பிடித்தல் உலகின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. பசி தீர மீன் பிடித்தவனும், விற்றுப் பிழைக்க மீன் பிடித்தவனும் எல்லா நாடுகளிலும் எல்லாக் காலங்களிலும் இருந்திருக்கிறார்கள். பொழுதுபோக்கிற்காகத் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குச் செல்பவன் அவர்களுக்குப் பின்னர்த் தோன்றியவன். அவனுக்கும் பின்னர்த் தோன்றியவன் ஒருவன் உண்டு. அவன் அரும்பாடுபட்டுப் பிடித்த மீனை உயிரோடு கடலிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புகிறான்.

இவன் செய்வது அறமா, விளையாட்டா, வீண் வேலையா? இவனால் கடல்வளம் பெருகுகிறதா, குறைகிறதா? இவ்வினாக்களுக்கு வெறும் தருக்கத்தால் விடை தேடுவதைக் காட்டிலும், ஒரு மீனின் வரலாற்றை ஆராய்ந்து விடை காண்பது நன்று. பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அரசர்களுக்கு வரலாறு இருப்பதுபோல மீனுக்கும் வரலாறு உண்டு. அதனை எழுதி வைத்தவர்கள் சட்டமன்றத்தாரும், சங்கக் கணக்கர்களும், அறிவியலாரும் ஆவர்.

நான் எடுத்துக்கொண்ட மீன் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கடற்கரையில் வாழ்வது. ஆங்கிலத்தில் ஸ்ட்ரைப்டு பாஸ் என்பர். வெள்ளிய உடலின் இரு பக்கங்களிலும் ஏழெட்டுக் கரிய கோடுகள் தலையிலிருந்து வால்வரை ஓடுவதால் இப்பெயர் பெற்றது. இப்பேச்சில் நாம் அதனை வரிமீன் என்றே அழைப்போம். முப்பதாண்டுகள் வரை வாழ வல்லது. நூறு பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள மீன்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலையில் அகப்பட்டதுண்டு.

நம் கழிமுகங்களில் வாழும் கொடுவா, ஆற்றுநீரில் வளர்ந்து முட்டையிடுவதற்குக் கடலை நோக்கி வரும். வரிமீன் இதற்கு நேர்மாறானது. நம் உல்லம் மீனைப்போல அது கடலில் வளர்ந்து, இளவேனிற்காலத்தில் ஆறுகளில் ஏறி முட்டையிடும். செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகளே அதன் தலையாய பிறப்பிடம். ஹட்சன், டெலவர் ஆகிய ஆறுகளிலும் அது பிறக்கிறது. ஒரு பெரிய பெண்மீன் பல இலட்சம் முட்டைகளை இடும். அவை ஏறத்தாழ இரண்டு நாள்கள் ஓடும் நீரில் மிதந்தவாறே இருந்து பொரிக்க வேண்டும். மழை, வெப்பம், நீரோட்டம் மூன்றும் ஒத்துவரும் ஆண்டில் குஞ்சுகள் கோடிக்கணக்கில் பிழைக்கும். ஒத்துவராத ஆண்டில் ஏறக்குறைய எல்லாம் அழியும். இந்த உண்மையை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் நடந்தவை யாவும் இதனைச் சுற்றியே நடந்தன.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து சென்று குடியேறியவர்கள், அந்நாட்டு ஆறுகளில் இம்மீனைக் கூட்டங்கூட்டமாகக் கண்டு வியந்தனர். உண்டது போக மிகுந்ததை வயலில் எருவாகப் புதைத்தனர். 1639-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம், வரிமீனையும் காட் மீனையும் எருவாகப் பயன்படுத்தலாகாது என்று தடை விதித்தது. அக்கண்டத்தில் ஐரோப்பியர் மீன்வளத்தைக் காக்க இயற்றிய மிகப் பழைய சட்டங்களுள் இதுவும் ஒன்று. எண்ணிறந்த மீன் இருந்த காலத்திலேயே, இது தீர்ந்துபோகக் கூடியது என்று சிலருக்குத் தோன்றிவிட்டது என்பதை இச்சட்டம் காட்டுகிறது.

ஆசிரியனாகிய எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் உவப்பான செய்தி அடுத்து வருவது. 1670-ஆம் ஆண்டில் பிளிமத் குடியேற்றத்தார், காட் முனைக் கடலில் வரிமீன் முதலியவற்றைப் பிடிப்பதால் பொதுநிதிக்கு வந்த வருவாயை இலவசப் பள்ளி ஒன்றை நடத்துவதற்கென்று ஒதுக்கினர். ஒரு மீன் நீந்தித் திரிந்ததனால் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் எழுத்தறிந்தார்கள் என்றால் அது மிகையாகாது. கடல்வளம் பொதுச் சொத்து, அதன் பயனும் பொதுவாக வேண்டும் என்ற எண்ணம் அன்றே அரும்பிவிட்டது.

இனி, விளையாட்டாகத் தூண்டில் போட்டவர்களைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயார்க், பாஸ்டன் நகரங்களின் செல்வர்கள் வரிமீன் பிடிப்பதற்கென்றே சங்கங்கள் அமைத்தனர். அவற்றுள் பெயர்பெற்றது, மாசசூசெட்ஸ் கரையை அடுத்த கட்டிஹங்க் தீவில் 1864-இல் தொடங்கப்பட்ட சங்கம். பாறைகளின்மீது இரும்புக் கால்களை ஊன்றி, அலைகளுக்கு மேலே பலகைப் பாலங்கள் அமைத்தார்கள். உறுப்பினர் பலகையின் நுனியில் நின்று தூண்டில் வீசுவார். அவருக்கு இரை கோத்துக் கொடுக்கவும், மீனைக் கவர்ந்திழுக்க இரைத்துண்டுகளைக் கடலில் தூவவும் ஓர் ஏவலாள் இருப்பான். அந்த இரை எது தெரியுமா? இன்று பெருவிருந்துகளில் மட்டுமே காணக்கூடிய சிங்கி இறால்தான்!

பிடித்த மீன்களின் எடையை அச்சங்கத்தார் ஏட்டில் ஒழுங்காகப் பதிந்து வந்தனர். தொடக்கத்தில் நிறைந்திருந்த பக்கங்கள் நூற்றாண்டின் முடிவில் வெறுமையாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கமே கலைந்தது. செல்வமும் ஓய்வும் இருந்தும் மீன் இல்லை. கரையெங்கும் பெருகிய வலைகளும், ஆறுகளை மறித்த ஆலை அணைகளும், நகரக் கழிவும் ஒன்று சேர்ந்து வேலையை முடித்திருந்தன.

அதே காலத்தில் நாட்டின் மறுகோடியில் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1879-இல் நியூ ஜெர்சியின் ஆறொன்றில் பிடித்த சிறு வரிமீன்களைத் தொட்டிகளில் இட்டு, புகைவண்டியில் ஏற்றி, கண்டத்தின் குறுக்கே கொண்டுசென்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவையொட்டிய நீரில் விட்டார்கள். உயிரோடு சேர்ந்தவை ஏறத்தாழ 130. மூன்றாண்டுகளுக்குப் பின் மேலும் முந்நூறு மீன்கள் சென்றன. 1899-இல், அதாவது முதல் மீன்களை விட்ட இருபதே ஆண்டுகளில், அங்கே வணிகர் பிடித்த வரிமீன் பன்னிரண்டு இலட்சம் பவுண்டைத் தாண்டியது. விட்டு வைத்தால் பெருகும், விடாமல் பறித்தால் அழியும் என்ற இரண்டு பாடங்களையும் ஒரே மீன் இரண்டு கடற்கரைகளில் ஒரே காலத்தில் கற்பித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் காட்சி மாறியது. செல்வர்களின் விளையாட்டு எல்லோருடைய விளையாட்டும் ஆயிற்று. நைலான் நரம்பு, கண்ணாடியிழைத் தூண்டிற்கோல், எளிதில் சுழலும் உருளை, படகின் பின்புறம் மாட்டும் சிறு இயந்திரம் ஆகியவை மலிவாகக் கிடைத்தன. தொழிலாளியும் எழுத்தரும் விடுமுறை நாள்களில் கடற்கரையில் நின்றனர். அவர்களில் பலர் பிடித்ததை விற்றுச் செலவையும் ஈடுகட்டிக் கொண்டனர். 1970-ஆம் ஆண்டில் செசபீக்கில் குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்தன. அவை வளர்ந்தபோது, 1973-இல் வணிக மீனவர் பிடித்த அளவு ஒரு கோடியே நாற்பத்தேழு இலட்சம் பவுண்டு வரை உயர்ந்தது. அதன்பின் நல்ல ஆண்டு ஒன்றும் வரவில்லை. பிடிப்பது மட்டும் குறையவில்லை. 1983-இல் அது முப்பத்தைந்து இலட்சம் பவுண்டாக வீழ்ந்தது. பத்தாண்டுகளில் முக்காற்பங்கு போயிற்று.

1979-இல் அமெரிக்கப் பேரவை அவசர ஆய்வு ஒன்றிற்கு ஆணையிட்டது. 1984-இல் அட்லாண்டிக் வரிமீன் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கரையோர மாநிலங்கள் யாவும் ஒரே திட்டத்திற்குக் கட்டுப்பட வேண்டும், கட்டுப்படாத மாநிலத்தில் மைய அரசே மீன்பிடிப்பைத் தடை செய்யலாம் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. 1985-இன் தொடக்கத்தில் மேரிலாந்து மாநிலம் வரிமீன் பிடிப்பதை அடியோடு நிறுத்தியது. டெலவரும் அவ்வாறே செய்தது. வர்ஜீனியா 1989-இல் சேர்ந்துகொண்டது.

இத்திட்டத்தின் நுட்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியில் ஓராண்டில் சேர்ந்த மாணவர்களை ஓர் அணி என்று கொள்வதுபோல, ஓராண்டில் பிறந்த மீன்களை அறிவியலார் ஓர் அணியாகக் கணக்கிடுவர். 1982-ஆம் ஆண்டின் அணி, பிற ஆண்டுகளை நோக்கச் சற்று வலுவாக இருந்தது. அந்த அணியின் பெண்மீன்களில் நூற்றுக்கு 95 ஒருமுறையேனும் முட்டையிடும் வரை அவற்றைக் காப்பது என்று முடிவு செய்தார்கள். மீன்கள் வளர வளர, எடுத்துச் செல்லத்தக்க குறைந்த அளவையும் உயர்த்திக்கொண்டே சென்றார்கள். ஒரு கட்டத்தில் சில மாநிலங்களில் இரண்டு முழ நீளத்தை எட்டாத மீனை வீட்டிற்குக் கொண்டுசெல்ல முடியாத நிலை உண்டாயிற்று. நம் உழவர், எத்தனை பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டார்கள். இங்கே ஓர் அரசு, 1982-ஆம் ஆண்டின் மீன்களை விதைநெல்லாகக் கட்டி வைத்தது.

பயன் விரைவில் கிடைத்தது. 1990-இல் கட்டுப்பாடுகளோடு மீன்பிடிப்பு மீண்டும் தொடங்கியது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பாலுள்ள மைய அரசின் கடற்பகுதியில் மட்டும் அவ்வாண்டிலிருந்து முழுத்தடை வந்தது. 1995-இல் வரிமீன் முழுமையாக மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். கடல்மீன் காப்பு வரலாற்றில் இதனை ஒரு பெருவெற்றியாகப் பலரும் இன்றும் எடுத்துக்காட்டுவர்.

இங்கேதான் நம் கதையின் முதன்மையான திருப்பம் வருகிறது. குறைந்த அளவு இவ்வளவு என்று சட்டம் சொல்லும்போது, அதனினும் சிறிய மீன் தூண்டிலில் அகப்பட்டால் என்ன செய்வது? விடத்தான் வேண்டும். பிடித்ததை விடும் பழக்கம் பல இலட்சம் தூண்டிற்காரருக்குச் சட்டத்தால் வந்தது. அதற்கு முன்னரே அந்த எண்ணம் சிலரிடம் இருந்தது. லீ உல்ஃப் என்னும் அமெரிக்கத் தூண்டில் வல்லுநர் 1939-இலேயே தம் நூலில் அதனை வற்புறுத்தினார். மிச்சிகன் மாநிலம் 1952-இல் ஆற்று மீனுக்கு அதனை நடைமுறையாக்கிப் பார்த்தது. 1954-இல் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த பிராங்க் மேதர், பெருங்கடல் மீன்களைப் பிடிப்போர் அவற்றைக் கொல்லாமல் எண் பொறித்த அடையாளமிட்டு விடும்படி ஏற்பாடு செய்தார். அம்மீன் மீண்டும் எங்கேனும் அகப்படும்போது, அது கடந்த தொலைவும் வளர்ந்த அளவும் தெரியவரும். விளையாட்டுக்காரன் இவ்வாறு அறிவியலின் துணைவன் ஆனான்.

வரிமீன் மீண்ட பின்னர், சட்டம் கேளாத இடத்திலும் மீனை விடுவது பெருமையாயிற்று. எடுத்துச் செல்லத்தக்க பெரிய மீனையும் பலர் நீரில் விட்டனர். கொல்லாதவன் குறைக்காதவன் என்ற நம்பிக்கை வேரூன்றியது. அந்த நம்பிக்கை மெய்தானா என்பதைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும்.

விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. மாசசூசெட்ஸில் கடல்நீரில் செய்யப்பட்டு 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, தூண்டிலில் பிடித்து விடப்பட்ட வரிமீன்களில் நூற்றுக்கு 9 பின்னர் இறப்பதாகக் கண்டது. ஒன்பது என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் இக்கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஒரு மீனைப் பிடித்து, அதனை உணவிற்கு எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டுகிறார். மற்றொருவர் நாள் முழுதும் நின்று முப்பது மீன்களைப் பிடித்து முப்பதையும் விடுகிறார். முன்னவரால் இறந்தது ஒன்று. பின்னவரால் இறந்தவை, சராசரியாக, ஏறத்தாழ மூன்று. வெறுங்கையோடு திரும்பியவரே அதிகம் கொன்றவர். அவர் அதனை அறியவும் இல்லை. ஏனெனில், மீன் அவர் கண்முன் இறக்கவில்லை.

இது வகுப்பறைக் கணக்கு மட்டுமன்று. 2019-இல் வெளியான அரசு மதிப்பீடு, வரிமீன் மீண்டும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் குறைந்துவிட்டது என்று அறிவித்தது. 2017-ஆம் ஆண்டில் மனிதரால் இறந்த வரிமீன்களில் பத்தில் ஒன்பது பங்கு விளையாட்டுத் தூண்டிலால் இறந்தவை. மொத்தத்தில் நூற்றுக்கு 42, எடுத்துச் செல்லப்பட்டவை. நூற்றுக்கு 48, விடப்பட்ட பின் இறந்தவை! வலைகொண்டு பிழைக்கும் மீனவர்களின் பங்கு பத்தில் ஒன்றே. பிழைப்பிற்காகப் பிடித்தவனைவிட, உண்டவனைவிட, விட்டவனால் இறந்தவையே மிகுதி என்ற நிலை அவ்வாண்டில் இருந்தது.

விட்ட மீன் ஏன் இறக்கிறது? இரையோடு முள்ளையும் அது விழுங்கிவிட்டால், முள் செவுளையோ குடலையோ கிழிக்கும். நெடுநேரம் நரம்போடு போராடிய மீனின் தசைகளில், ஓடிக் களைத்த மனிதனுக்குச் சேர்வதுபோன்ற அமிலம் சேரும். கோடையின் வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி குறைவு. ஆகவே, அக்களைப்பிலிருந்து அது தேறுவதும் அரிது. நிழற்படம் எடுப்பதற்காகக் காற்றில் தூக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு கணமும், ஓடிக் களைத்தவனின் மூக்கை அடைப்பதற்கு ஒப்பாகும். உலர்ந்த கையால் பற்றினால், நோய்க்கிருமிகளைத் தடுக்கும் வழுவழுப்பான மேற்பூச்சு போய்விடும். ஆழ்கடல் மீன்களுக்கோ மேலும் ஒரு துன்பம் உண்டு. விரைந்து மேலே இழுக்கப்படும்போது அவற்றின் காற்றுப்பை உப்பி உறுப்புகளை நெருக்கும். அவ்வாறு உப்பிய மீன் மேற்பரப்பிலேயே மிதந்து பறவைகளுக்கு இரையாகும்.

நோய் தெரிந்தால் மருந்தும் தேடலாம். சாதாரண முள்ளின் கூர்முனை மேல்நோக்கி நிற்கும். வட்டமுள் என்று ஒருவகை உண்டு. அதன் முனை உள்நோக்கி வளைந்து தண்டைப் பார்த்து நிற்கும். மீன் விழுங்கினாலும் இழுக்கும்போது உட்புறத்தைக் குத்தாமல் வழுக்கி வந்து, வாயின் ஓரத்தில் திரும்பி மாட்டிக்கொள்ளும். இது புதுமை அன்று. பசிபிக் தீவு மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சங்காலும் எலும்பாலும் இத்தகைய முட்களைச் செய்தனர். அவர்கள் அதனைச் செய்தது மீன் தப்பாதிருப்பதற்காக. இன்று அதே வடிவம் மீன் பிழைத்திருப்பதற்காகப் பயன்படுகிறது. இயற்கை இரை கோத்து வரிமீன் பிடிப்போர் வட்டமுள்ளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2021-இல் அக்கரை முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடல் மீனை எடை கட்டி மீண்டும் ஆழத்திற்கே இறக்கிவிடும் கருவியையோ, உப்பிய காற்றை வெளியேற்றும் கருவியையோ மெக்சிகோ வளைகுடாவின் பாறைமீன் பிடிப்போர் உடன் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் அதற்கடுத்த ஆண்டில் நடைமுறையாயிற்று. 2021-இல் மேரிலாந்து மாநிலம் கோடையின் உச்சத்தில் இரண்டு வாரங்களுக்கு, பிடித்து விடுவதற்காகக்கூட வரிமீனை நாடலாகாது என்று விதித்தது. விடுதலும் ஒருவகைப் பிடித்தலே என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள்.

வேறொரு வழக்கும் உண்டு. உண்ணும் எண்ணமின்றி ஓர் உயிரைத் துன்புறுத்தி விடுவது முறையா என்று கேட்போர் பலர். கடல் இல்லாத நாடாகிய சுவிட்சர்லாந்து, விடவேண்டும் என்ற எண்ணத்தோடேயே மீன் பிடிப்பதை 2009 முதல் தன் நீர்நிலைகளில் தடை செய்துள்ளது. பிடித்தால் உண், உண்ணாவிடில் பிடிக்காதே என்பது அந்நாட்டார் கொள்கை. அமெரிக்கரோ, விடும் பழக்கம் இல்லாதிருந்தால் வரிமீன் மீண்டிருக்குமா என்று கேட்பர். இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் கருத்து இது: விடுதல் நல்லதே, ஆனால் அது நன்மையின் தொடக்கம் மட்டுமே. எத்தனை மீன்களை விட்டோம் என்பதோடு, எத்தனை மீன்களைத் தொந்தரவு செய்தோம் என்பதையும் எண்ண வேண்டும். போதும் என்று தூண்டிலைச் சுருட்டத் தெரிந்தவனே சிறந்த தூண்டிற்காரன்.

செசபீக் ஆறுகளில் ஆண்டுதோறும் குஞ்சுகளை எண்ணும் வழக்கம் 1954 முதல் இடையறாது நடைபெற்று வருகிறது. 2019 முதல் 2024 வரை ஒவ்வோராண்டும் அந்த எண்ணிக்கை சராசரிக்குக் கீழேயே இருந்தது. 2023-இல், 2015-ஆம் ஆண்டின் நல்ல அணியைக் காப்பதற்காக, 31 அங்குலத்திற்கு மேற்பட்ட மீனையும் எடுக்கலாகாது என்று அவசர விதி செய்தார்கள். 2029-க்குள் வரிமீனை மீண்டும் பெருக்குவது அவர்கள் குறிக்கோள். ஒருமுறை வென்ற போரை இரண்டாம் முறையும் நடத்த வேண்டியதாயிற்று.

மாணவர்களே, 1639-ஆம் ஆண்டின் சட்டம் மீனை எருவாக்காதே என்றது. 1984-ஆம் ஆண்டின் சட்டம் சிறிது காலம் பிடிக்காதே என்றது. நம் காலத்து விதிகள், விடுவதையும் கவனமாகச் செய் என்கின்றன. ஒவ்வொரு தலைமுறையும், தான் செய்வதில் தீங்கில்லை என்று நம்பிய ஒன்றில் தீங்கு இருப்பதைக் கண்டு திருத்திக்கொண்டது. அதனைக் காட்டிக் கொடுத்தது எண்ணிப் பார்க்கும் பழக்கம். நல்லெண்ணம் மட்டும் இருந்து கணக்கு இல்லாவிட்டால் அந்த எண்ணமே கேடாய் முடியலாம். ஆகவே, உங்களில் கடலோரம் வாழ்பவர்கள், உங்கள் கரையில் எந்த மீன் எந்தத் திங்களில் சினையோடு வருகிறது, முன்பு எவ்வளவு வந்தது, இன்று எவ்வளவு வருகிறது என்பதை முதிய மீனவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிற்காலத்தவர் காக்க முற்படும்போது அந்த ஏடு அவர்களுக்கு வேண்டியிருக்கும்.